அலுமாரிக்கு மேல் இருந்த கார்

மடத்துவெளி,
புங்குடுதீவு.
12.8.1986

அன்புள்ள அண்ணைக்கு,

நாங்கள் இங்கே சுகம், முகம் தெரியாத ஊரில் நீயும் சுகமாயிருக்கக் கண்ணகை அம்மன் காவல் என்று எழுதச் சொல்லிவிட்டு அம்மா நித்திரையாகிவிட்டா. வழமைபோல அம்மாவின் கடிதத்தை நான்தான் எழுதுகிறேன். லைற் போடாமல் கைவிளக்கில் எழுதுகிறேன், அடுத்த அறையில் ஐயா இருமும்போதெல்லாம் அதையும் தணிக்கிறேன், எழுத்துக் கோணினால் குறை நினைக்காதீர்கள். அம்மாவுக்குக் கால் நோவு குறைவு. வெள்ளைப் பசு கன்று போட்டிருக்கிறது. வெறும் பாணைத் தின்று காலம் போக்க வேண்டாமாம்.

இனி எழுதுவது அம்மாவுக்கும் முழுக்கத் தெரியாது. நீங்கள் அனுப்பிய றிமோட் பந்தயக் காரை அரியநாயகம் மாமா கொண்டுவந்த அன்றே, சொல்லாமல் ஓடினவனின் சாமானை இந்த வீட்டில் ஒருவரும் தொடக்கூடாது என்று ஐயா பெட்டியை அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டார். அவர் வேலணைக்குப் போகும் நாட்களில் இறக்கிப் பின்வயலில் ஓட்டிப் பழகினேன். கார் என்னை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறிப்போய் இரண்டு தரம் வேலிக்குள் புகுந்தது. நீங்கள் எழுதியபடி, நானே காருக்குள் இருப்பதாக நினைத்து ஓட்டியதும் சரி வந்தது. அம்மா குசினியில் பற்றறிக்குக் கறன்ற் ஏற்றித் தருவா. போன கிழமை நான் எடுக்காத நாட்களிலும் பற்றறி இறங்கிக் கிடந்தது. அம்மா என்னைப் பார்த்தா, நான் அம்மாவைப் பார்த்தேன்.

முந்தநாள் ரியூசன் இல்லையென்று வேளைக்கு வந்தால், வயலில் ஐயா. சால்வையைத் தலையில் கட்டிக்கொண்டு, கல்லின் மேல் பனம்பலகையைச் சாய்த்து வைத்து, காரைத் தாவ விடுகிறார். ஒவ்வொரு தரமும் அது மூக்குக் குத்திக் கவிழ்கிறது. போய் நிமிர்த்தி, மண்ணைத் தட்டி, அதோடு ஏதோ கதைத்து, திரும்பவும் விடுகிறார். கார் பலகையை விட்டு எழும்பியதும் பயத்தில் றிமோட் விசையை விட்டுவிடுகிறார், அதுதான் பிழை. வேலியோடு மறைந்து நின்ற நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். “விசையை விடாதேங்கோ ஐயா, அந்தரத்திலையும் கொஞ்சம் அமத்திக்கொண்டிருங்கோ” என்றுவிட்டேன். அவர் திரும்பவில்லை. அடுத்த தரம் கார் மூக்கு நிமிர்ந்தபடி பறந்து, நாலு சில்லும் ஒன்றாக நிலத்தில் பட்டு ஓடியது. அதைப் பார்த்தபடியே, “கொண்ணன் சொல்லித் தந்தவனோ?” என்றார். நீங்கள் போன பிறகு உங்களைப் பற்றி அவர் வாய் திறந்தது அதுதான் முதல் தரம். “ஓம், கடிதத்திலை எழுதினவர்” என்று சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே விளங்கியது. உங்கள் கடிதங்கள் பரிமளம் அக்கா வீட்டு விலாசத்துக்கு வருவது அவருக்குத் தெரியாது. ஐயா காரைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனார். அன்று தொடக்கம் வீட்டில் கதை இல்லை. இனிக் கடிதமே வேண்டாம் என்றுகூட நினைத்தேன்.

இன்றிரவு பேனை எடுக்கக் கொம்பாஸ் பெட்டியைத் திறந்தால், காரின் முன்சில்லைப் பிடிக்கும் கறுப்புத் துண்டு இரண்டாக முறிந்து, கடதாசியில் சுற்றி உள்ளே இருக்கிறது. ஐயாவைத் தவிர வேறு யார் வைப்பது? இரவில் நான் எதற்குப் பேனை எடுப்பேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. பயம் முழுக்கப் போகவில்லை. ஆனால் இப்போதும் இருமினார், நான் விளக்கைத் தணிக்கவில்லை.

துண்டின் அளவைத் தாளின் ஓரத்தில் கீறியிருக்கிறேன். அப்படியொன்று, ஏலுமென்றால் இரண்டு அனுப்புங்கள். பெற்ற வயிறு குளிர நீ நூறு வருஷம் இருக்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசீர்வாதம். சனிக்கிழமையில் தலைக்கு எண்ணெய் வைக்க மறக்க வேண்டாமாம். இந்த முறை பார்சலைப் பரிமளம் அக்கா வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். க. அப்புத்துரை என்று ஐயாவின் பெயரையே எழுதுங்கள்.

இப்படிக்கு,
அம்மா அன்னபூரணம்
அம்மாவுக்காக எழுதியது: தங்கை மீனாம்பிகை