செருப்போடு ஏறுகிற வராண்டா

என் அன்பு அத்தாவுக்கு,

அங்கேயும் வழியில் போகிற யாரையாவது கூப்பிட்டு உட்காரவைத்து டீ சொல்லிக்கொண்டிருப்பீர்கள். இங்கே நம் கள்ளக்குறிச்சி வீட்டு வராண்டாவில் நடந்ததை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

நீங்கள் போன பிறகு, இத்தா என்று துக்கம் காத்த மாதங்களில் அம்மா உள்ளறையை விட்டு வெளியே வரவில்லை. அது முறை, சரி. முடிந்த பிறகும் வரவில்லை. சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ரோட்டை வேடிக்கை பார்ப்பாளே, அந்த நேரத்தில் இப்போது ஜன்னலோரம் தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருக்கிறாள். ஞாயிறுதோறும் சங்கராபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்து கூப்பிட்டுப் பார்ப்பேன். "அங்க இன்னா இருக்கு, போ" என்பாள்.

எனக்குத்தான் சும்மா இருக்கத் தெரியாதே. வராண்டா அழகாக இருந்தால் வந்துவிடுவாள் என்று நானே முடிவு கட்டினேன். தம்பியை நச்சரித்து, உங்கள் பழைய சிமென்ட் தரைமேல் கேட் வரைக்கும் வெள்ளை டைல்ஸ் பதிக்கவைத்தேன். மரப் பெஞ்சை நம் கடைக் கிடங்குக்கு அனுப்பிவிட்டு இரண்டு பிரம்பு நாற்காலி, அதற்கு மெத்தை, மணி பிளாண்ட் தொட்டி, மஞ்சள் விளக்கு. நீங்கள் இருந்திருந்தால், "இன்னாம்மா, நகைக்கடை தொறக்கப்போறியா?" என்று கேட்டிருப்பீர்கள்.

அம்மா வரவில்லை. வேறு யாரும்கூட வரவில்லை, அத்தா. பஸ்ஸுக்கு நேரமிருக்கிறவர்கள், கடைக்குச் சரக்கு கொண்டுவந்தவர்கள் எல்லாரும் செருப்போடு ஏறி உங்கள் பெஞ்சில் உட்காருவார்கள். வீட்டுக்குள் வருகிறவர்தான் நிலைப்படியில் செருப்பை விடுவார். இப்போது தரை பளபளப்பதைப் பார்த்ததும் கேட்டிலேயே நின்று பேசிவிட்டுப் போகிறார்கள். செருப்பை ரோட்டில் கழற்றிப் போட்டுவிட்டு யார் வந்து உட்காருவார்கள்? எனக்கு இது தோன்றவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா ஜன்னலிலிருந்து என்னைப் பதறிக் கூப்பிட்டாள். கல்வராயன் மலையிலிருந்து உங்களுக்குத் தேனும் புளியும் கொண்டுவரும் சின்னப்பொண்ணம்மா கூடையோடு கேட்டுக்கு வெளியே நின்றாராம். தரையைப் பார்த்தாராம், சேறு அப்பிய தன் காலைப் பார்த்தாராம், எதிர்வீட்டில் ஏதோ விசாரித்துவிட்டு நடையைக் கட்டிவிட்டாராம். நான் ஓடிப் போய்ப் பார்ப்பதற்குள் ஆளைக் காணோம். பாய் வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டாரா என்று கேட்டாராம், பதிலுக்குக்கூட நிற்கவில்லை என்றார் எதிர்வீட்டுக்காரர்.

அம்மா அன்றைக்கு அழுதாள். நீங்கள் போன அன்றுகூட அப்படி அழவில்லை.

"அவரு இருந்த வூடு மாரியே இல்லியேம்மா."

அடுத்த வாரமே டைல்ஸைப் பெயர்க்கச் சொன்னேன். கொத்தனார் என்னை ஒரு மாதிரி பார்த்தார். உங்கள் பழைய தரையும் அதோடு சேர்ந்து உடைந்து வந்தது. நீங்கள் காலை நீட்டி உட்கார்ந்த தரை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை, கிணற்றடிக்குப் போய் நின்றுகொண்டேன். பிறகு சொரசொரவென்று சிமென்ட் பூசினோம். பெஞ்சு திரும்பி வந்தது, வருகிறவர்களுக்காக நீங்கள் வைத்திருந்த தண்ணீர்க் குடமும் வந்தது. விளக்கும் தொட்டியும் இருந்துவிட்டுப் போகட்டும், ஆசையாக வாங்கியவை.

சின்னப்பொண்ணம்மா மறுபடி வருவாரா என்று ஒவ்வொரு ஞாயிறும் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். போன வாரம் வந்தார். சேற்றுக் காலோடு நேரே ஏறி, கூடையை இறக்கி, பெஞ்சில் உட்கார்ந்தார். "பாய் இல்லீங்களா?" என்றார்.

பின்னால் கதவு திறந்தது. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அம்மா வெளியே வந்தாள், பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தாள்.

"அவரு மவுத்தாயிட்டாரு. நீ உக்காரு, டீ குடிச்சிட்டுப் போ."

இரண்டு பேரும் பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லும் வரைக்கும் அங்கேயே இருந்தார்கள். நான் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனேன். உங்களை ஒரு தடவை பார்த்தால் போதும் போலிருந்தது, அத்தா. அந்த வராண்டாவில் அம்மாவை நீங்கள் பார்க்கவேண்டாமா?

நேற்றும் அம்மா தானாகவே வந்து உட்கார்ந்தாளாம், தம்பி போனில் சொன்னான். பகலில் கேட்டைச் சாத்தாதே என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். அந்தத் தரை இனி ஒருநாளும் சுத்தமாக இருக்காது, அத்தா. அதற்கு நான் பொறுப்பு.

உங்கள் மூத்த பொண்ணு,
நசீமா