பெயர் சொல்லி அழைக்கும் மேடை

அன்பு மகளுக்கு,

அம்மா தொலைபேசியில் என்ன சொன்னாளோ, அதில் பாதியை நம்பாதே. நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

பட்டமளிப்பு விழாவுக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பல்கலைக்கழகத்தைத் தொடங்கிய முதல் வேந்தர் ஒருவன் உயிரோடு இருப்பது இப்போதுதான் ஞாபகம் வந்ததாம். கல்லூரி வாசலை மிதிக்காதவன் பல்கலைக்கழகம் தொடங்குவதா என்று சிரித்தவர்கள் முன்னால்தான், ஒவ்வொரு பிள்ளையையும் தாளைப் பார்க்காமல் பெயர் சொல்லி அழைத்துப் பட்டம் கொடுத்தேன். இந்த முறையும் தாள் கிடையாது என்று சொல்லிவிட்டேன்.

"ஒரு சீட்டுல எழுதி வெச்சுக்கிட்டா குடியா முழுகிடும்?" என்கிறாள் அம்மா. அவளுக்கு என்ன தெரியும்!

நேற்று வளாகத்துக்குப் போனேன். சாலைகளை இஷ்டத்துக்கு மாற்றி வைத்திருக்கிறார்கள். நூலகம் இருந்த இடத்தில் நூலகம் இல்லை. காவலாளி ஓடி வந்தான்.

"ஐயா, நீங்க போட்ட ரோடுதானே, எதையும் மாத்தலையே! வாங்க, கூட்டிட்டுப் போறேன்."

"எனக்கே வழி காட்ட வந்துட்டியா?" என்று கையை உதறினேன். ஆனாலும் அவன் பின்னாலேயேதான் நடந்தேன்.

முனைவர் பட்டம் வாங்க நீயும் அந்த வரிசையில் வருகிறாய். மற்றவர்கள் பெயர் தவறினால் ஊர் சிரிக்கும், சிரிக்கட்டும். உன்னிடம் மட்டும் ஒன்று கேட்கிறேன். அந்த அங்கியில், அந்தத் தொப்பியில் நீ என் எதிரே வந்து நின்றதும், நான் வாய் திறப்பதற்குள் "அப்பா" என்று கூப்பிட்டுவிடு. சத்தமாகக் கூப்பிடு.

எப்போதும் உன்
அப்பா