கியர் போட்ட மச்சினன்

26-10-1954

வயிறு எரிகிறது. இராஜாக்கமங்கலம் ரோட்டில் வெள்ளத்தைக் கடந்தபோது லாரி நின்றுவிட்டது. எஞ்சினுக்குள் தண்ணீர். டீசல் பீச்சும் நாசில்களைக் கழற்றி, ஹேண்டில் போட்டுச் சுற்றியிருந்தால் அந்தத் தண்ணீர் எல்லாம் வெளியே பீச்சியிருக்கும். "நான் வருமட்டும் வண்டிய கிளப்பப் பாக்காதல" என்று மச்சினனிடம் சொல்லிவிட்டுத்தான் ஸ்பானர் வாங்கப் போனேன்.

திரும்பி வந்து பார்த்தால், வள்ளம் தள்ளும் கடற்கரைக்காரர்கள் ஐலசா போட்டு லாரியைத் தள்ளுகிறார்கள். உள்ளே இருந்து இந்தப் படுபாவி கியர் போட்டான். டங்கென்று சத்தம். பிஸ்டன் அமுக்கினால் தண்ணீர் அமுங்குமா? பிஸ்டனைத் தள்ளும் ராடு வளைந்துவிட்டது.

"வள்ளத்தையே தள்ளுதோம், இது என்ன அண்ணாச்சி!" என்று அவர்கள் சிரித்தார்கள். கூலி வாங்கவில்லை, ஒரு சீலா மீனையும் தந்தார்கள். அவர்களை எப்படி ஏச?

வீட்டில் இவனை ஏச வாயெடுத்தேன். "நல்லதுக்குத்தானே செய்தான்" என்றாள் என் பெண்டாட்டி, அவன் அக்கா. நடுத்துண்டம் அவன் இலையில். எனக்கு வால்.