ரிஜிஸ்டரில் ராசாத்தியின் வரி

கார்த்திகை 11, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து மழை. பிரட்டுக் களத்தில் பேர் கூப்பிடவில்லை, ரப்பர் பால்வெட்டும் இல்லை. எனக்கு மட்டும் வேலை. ஸ்டோரில் ரப்பர் ஷீட் அடுக்குவது. நான் இல்லாவிட்டால் ஸ்டோரே நின்றுபோகும் என்று துரை சொன்னதாகக் கேள்வி. துரை சொன்னாரோ, கணக்கு எழுதுகிற கிராணி சொன்னாரோ. இரண்டும் ஒன்றுதான்.

பெரிய விஷயம்: ஜொகூர் பாருவிலிருந்து கடிதம். அங்கே பெண்பிள்ளைகள் விடுதிப் பள்ளிக்கூடத்தில் ஓர் இலவச இடம். என் தங்கை அஞ்சலையின் மகள் ராசாத்திக்கு. வயது பன்னிரண்டு. தகப்பன் ஆதரவில்லாத தோட்டத்துப் பிள்ளைக்குத்தான் அந்த இடமாம். நம் தோட்டப் பள்ளிக்கூட ரிஜிஸ்டரைப் பார்த்து வாத்தியார் நகல் எழுதித் தர வேண்டும். மாதக் கடைசிக்குள் அங்கே போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் தை மாதம் பிள்ளையின் பேர் தோட்டத்துக் கூலிக் கணக்கில், செக்ரோலில், ஏறும், புல்வெட்டுக் கும்பலோடு காட்டுக்குப் போவாள். இங்கே நாலாம் வகுப்போடு சரி.

இடம் கிடைத்துவிட்டது என்றே லயத்து வீடுகள் முழுவதும் சொல்லிவிட்டேன். நகல் வாங்குவது என்ன பெரிய காரியம்.

நாளைக்கு: குடைக்கம்பி. விளக்குத் திரி. வாத்தியார்.

12, புதன்

மழை. உட்கார்ந்தால் நிற்கத் தோன்றுகிறது, நின்றால் நடக்க.

வாத்தியாரிடம் போனேன். (இனி வா. என்று எழுதுகிறேன், மை மிச்சம்.) ரிஜிஸ்டரைக் கொடுங்கள், நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். நான் படித்தது மூன்று வகுப்பு, ஆனால் அந்தக் காலத்து மூன்று. வா. புத்தகத்தைக் கையில் தரவில்லை. பழைய காலண்டர் அட்டை ஒன்று வைத்திருக்கிறார், நடுவில் நீளமாக ஒரு வரி அளவுக்கு வெட்டியது. அதைப் பக்கத்தின்மேல் வைத்தால் ஒரே ஒரு பிள்ளையின் வரி தெரியும். மேலே கீழே ஒன்றும் தெரியாது. முன்பு ஒருத்தர் வரியை ஒருத்தர் படித்து, சாதிக் கட்டத்தைப் பார்த்து, அடிதடியாகிப்போனதாம். அதிலிருந்து இந்த ஏற்பாடு.

“பெத்தவங்களுக்குத்தான் காட்டுறது. சேத்தவர்னு ஒங்க கையெழுத்து இருக்கு, அதனால இந்த ஒரு வரி” என்றார்.

பார்த்தேன். பேர் சரி. தாய் அஞ்சலை, சரி. தகப்பன் கட்டத்தில்: சிங்கப்பூர் ஹார்பரில் ஹெட் கிராணி.

நான் சொன்னதுதான். நாலு வருஷத்துக்கு முன்னால் பிள்ளையைச் சேர்க்கப் போன அன்று, நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள், பிள்ளையின் தகப்பன் என்ன செய்கிறார் என்று வா. கேட்டார். வாயில் வந்தது அது. இவர் மையில் எழுதி வைத்திருக்கிறார்.

“தகப்பன் ஹெட் கிராணின்னா இலவச இடம் எப்படிங்க?” என்றார் வா.

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். குடைக்கம்பி வாங்கவில்லை.

14, வெள்ளி

நேற்று எழுதவில்லை. லயத்தை ஆறு சுற்று. தலைக்குள் ஒரே ஓட்டம்.

வழி கிடைத்தது. மாப்பிள்ளை செத்துப்போனார் என்று எழுதச் சொல்வது. ஹார்பரில், கப்பல் மூட்டை விழுந்து, துரையைக் காப்பாற்றப் போய். நன்றாகவே வந்தது. அஞ்சலையிடம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை உதறிவிட்டு எழுந்தாள்.

“தாலியக் கழுத்துல போட்டுக்கிட்டு, பொட்டு வச்சுக்கிட்டு, புருசன் செத்துட்டான்னு போய் நிக்கவா? இல்ல, வாத்தியாருக்காக இத அறுக்கவாண்ணே?”

அதை யோசிக்கவில்லை. ஆள் செத்தால் தாலி போக வேண்டும். கதையில் அது இடிக்கிறது.

உண்மை இதுதான் (இங்கே எழுதினால் யார் பார்க்கப் போகிறார்கள்): மாப்பிள்ளை இன்னொருத்தியோடு சுமத்ராவுக்குக் கப்பலேறிவிட்டார். உயிரோடுதான் இருக்கிறார். ஒரு கடுதாசி இல்லை. ராசாத்திக்குத் தெரியாது. அவள் என்னிடம் தகப்பனைப் பற்றிக் கேட்டதே இல்லை. நான்தான் சிங்கப்பூர், சிங்கப்பூர் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

ரப்பர் விலை இன்னும் இறக்கமாம். இரும்பு வாளி ஓட்டை.

15, சனி

அஞ்சலையே வா. வீட்டுக்குப் போனாள். நான் பின்னால். அவளே சொன்னாள், மூன்றே வாக்கியம். நான் குறுக்கே பேசப் போனேன், கையைக் காட்டி நிறுத்தினாள்.

வா. பேனாவை எடுத்தார். சிவப்பு மையில் பழைய வரியின்மேல் ஒரே ஒரு கோடு. சுரண்டக் கூடாதாம், அடித்தது படிக்கிற மாதிரி இருக்க வேண்டுமாம், பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் சட்டம். மேலே புதிது எழுதினார். அஞ்சலை பெருவிரல் வைத்தாள். நான் கையெழுத்து, நல்ல சுழியோடு.

“இது இந்த நாலு சொவத்துக்குள்ள இருக்கணும் வாத்தியாரே” என்றாள். அவர் சரி என்றார். நானும் பலமாகத் தலையாட்டினேன்.

மழை விட்டது. மனசு லேசாகி நானாவின் டீக்கடைக்குப் போனேன்.

16, ஞாயிறு

நேற்று நானா கடையில் நடந்ததை எழுத வேண்டும். எழுதாமலிருந்தாலும் தேவலை.

நான் வா.வை எப்படி மடக்கினேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சட்டம் பேசினேன், அவர் கை நடுங்கியது, பேனா கீழே விழுந்தது. பத்துப் பேர் கேட்கிறார்கள். மூன்றாவது டீ. எவனோ கேட்டான், “அப்ப அந்த சிங்கப்பூர் கிராணி என்னாண்ணே ஆனாரு?” ஓட்டத்தில் இருந்தேன். கிராணியுமில்லை ஒன்றுமில்லை, ஆள் சுமத்ராவில் இன்னொருத்தியோடு குடித்தனம் என்றேன். அவளுக்கு ஒரு தங்கப்பல்லும் வைத்துவிட்டேன், அது நானாகச் சேர்த்தது.

நானா டீ ஆற்றுவதை நிறுத்தினார். “அலமாக். நீ இத இங்க சொல்றது ஒன் தங்கச்சிக்குத் தெரியுமா?”

இன்று லயத்தில் என்னைப் பார்த்து எல்லோரும் ரொம்ப மரியாதையாகச் சிரிக்கிறார்கள்.

17, திங்கள்

தண்ணீர்க் குழாயடியில் பெண்டுகள் ராசாத்திக்கு வழிவிட்டு நின்றார்களாம். ஒருத்தி, “ஒங்க சின்னம்மாவுக்குத் தங்கப்பல்லாமே புள்ள” என்று கேட்டிருக்கிறாள். அரை வாளியோடு திரும்பி வந்தாள். அழவில்லை. வாளியை வைத்தாள், சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

அஞ்சலை கஞ்சியை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னாள்: “நாலு வருசம் வாய மூடிக்கிட்டு இருந்தேன். ஒனக்கு ஒரு பொழுது முடியல.”

பல் விஷயம் பொய் என்று சொல்லலாமா என்று பார்த்தேன். அப்படிச் சொன்னால் மற்றது மெய் என்றாகும். கஞ்சியை மூடி வைத்துவிட்டுப் போனேன். ஸ்டோரில் ஷீட்டை இரண்டு தடவை தப்பாக அடுக்கிப் பிரித்தேன்.

18, செவ்வாய்

நகல் வாங்கப் போனேன். எனக்கு முன்னால் ராசாத்தி அங்கே நிற்கிறாள், தலை வாரி, தனியாக. தன் வரியைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். பிள்ளைகளுக்குக் காட்டுவதுண்டா என்று நான் கேட்டேன். அவ வரி அவளுக்கு இல்லாம யாருக்கு என்றார் வா.

அட்டையை வைத்தார். விரலை வைத்துப் படித்தாள். அடித்ததையும் படித்தாள், மேலே எழுதினதையும். உதடு அசைந்தது, சத்தமில்லை. மழைச் சத்தம்தான்.

“இத வேற யாரு சார் பாக்கலாம்?”

“இன்ஸ்பெக்டர். ஜொகூர் பாரு பள்ளிக்கூடத்துல தலைமை அம்மாவுக்கு நகல் போகும். அப்புறம் நீயி, ஒங்கம்மா.”

“மாமா?”

வா. என்னைப் பார்த்தார். சேர்த்தவர் என்று கையெழுத்து இருக்கிறதே என்று இழுத்தார்.

“அது அன்னைக்கு. இனிமே மாமாவுக்குக் காட்டாதீங்க சார்.”

என்னைப் பார்க்காமல்தான் சொன்னாள். கோபமாகக்கூட இல்லை, ஆஜர் சொல்கிற குரல். வா. பேனாவைச் சிவப்பு மையில் தோய்த்து என் கையெழுத்தின்மேல் ஒரு கோடு போட்டார், பக்கத்தில் அஞ்சலை என்று எழுதினார். அடித்தது படிக்கிற மாதிரித்தான் இருக்கிறது. சுழி தெரிகிறது.

நகல் எழுதும்போது என்னை வெளியே இருக்கச் சொன்னார். கூரைத் தண்ணீர் தோளில் விழுகிற இடத்தில் நின்றிருக்கிறேன், வெகுநேரம் கழித்துத்தான் தெரிந்தது.

19, புதன்

தூறல். உறையை அஞ்சலையே பசை வைத்து ஒட்டினாள். லாயாங் லாயாங் ஸ்டேஷனுக்கு நான் கொண்டுபோய்ப் போடுகிறேன் என்றேன். ஸ்டேஷன் மாஸ்டர் எனக்கு அண்ணன் தம்பி மாதிரி. அஞ்சலை குடையை எடுத்தாள். தாயும் மகளும் ஒரே குடையில் போனார்கள், உறை ராசாத்தியின் தாவணிக்குள்.

நகலில் வா. சுமத்ரா என்று எழுதினாரா, ஆதரவில்லை என்று மட்டும் விட்டாரா, தெரியாது.

ஸ்டோர் அரை நாள். நானா கடையில் என்னைக் கண்டதும் பெஞ்சியில் இடம் விட்டார்கள். நகலில் என்னதான் எழுதியிருக்கு என்று கேட்டார் நானா.

தெரியாது என்றேன்.

சிரித்தார்கள். டீயை வைத்துவிட்டு இன்னொரு தடவை கேட்டார்.

தெரியாது என்றேன்.