காப்புக் கட்டிய கைக்கு ஊசி

மேனாம்பேடு,
சுபானு வருஷம், ஆவணி மாதம்.

புனா பட்டாளத்தில் சர்க்கார் லாரியை ஓட்டி, ஜப்பான்காரனின் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கும் சிரஞ்சீவி வரதனுக்கு, அம்பத்தூர் ஏரியின் ஏகபோகச் சக்கரவர்த்தியும், இரண்டு கிழ மாடுகளின் சேனாதிபதியும், உன்னைப் பெற்றவளின் தம்பியும், உனக்குப் பெண்ணைக் கொடுத்தவனுமான நாகப்பன் எழுதிக்கொண்டது. இங்கே மழை இல்லை. மற்றபடி எல்லோரும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம். வழியில் இதைப் பிரித்துப் படிக்கும் தணிக்கைத் துரைக்கும் என் சலாம். இதில் ராணுவ ரகசியம் ஒன்றும் இல்லை, ஐயா. மடித்து ஒட்டி அனுப்பிவிடுங்கள்.

ஆவடிப் பக்கம் பட்டாளத்து லாரிகள் போடும் புழுதியில் இந்த வருஷம் சூரியன் காலை பத்து மணிக்குத்தான் எங்கள் ஊருக்கு வழி கண்டுபிடித்து வருகிறான். செவலை மாட்டுக்குக் கொம்பில் அடி. உன் அத்தை எல்லம்மா சண்டை போடுவதைக் குறைத்துவிட்டாள். இதையெல்லாம் கேட்டு நீ சிரிக்க வேண்டும். எனக்கு எழுதும்போது சிரிப்பு வரவில்லை. கை பழகிய வழியில் போகிறது, அவ்வளவுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ மாசி மாதம் லீவில் வந்து போன பிறகு கன்னியம்மா முழுகாமல் இருப்பதை முன் கடிதத்திலேயே எழுதியிருந்தேன். முதல் பிள்ளை வயிற்றிலேயே அசைவு நின்று போனது. இரண்டாவது பிறந்து அழாமலே போனது. உன் பெரியப்பா வீட்டில் அதை ராசி இல்லாத வயிறு என்று பேசி, உனக்கு வேறு பெண் பார்க்கலாமா என்கிற அளவுக்கு வந்துவிட்டார்கள். அதனால் இந்தத் தடவை மருத்துவச்சியை மட்டும் நம்பாமல், பூந்தமல்லி தாண்டி நசரத்பேட்டைக்குப் போகும் சாலையில் இருக்கும் ஒரு பிரசவ ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டினேன். பட்டணத்தில் குண்டு விழும் என்று எல்லோரும் ஓடிவந்தபோது கூட வந்து, அங்கேயே தங்கிவிட்ட ஒரு டாக்டரம்மா அதை நடத்துகிறாள்.

அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். போன இரண்டையும் பற்றிக் கேட்டாள். கேட்டுவிட்டு, கையிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்துப் பட்டணத்துக்கு அனுப்பிச் சோதித்துப் பார்க்க வேண்டும், அதைப் பார்க்காமல் இந்தக் குழந்தையைப் பற்றியும் தன்னால் ஒரு வார்த்தை சொல்ல முடியாது என்றாள். நர்ஸ் கொதிக்கிற தண்ணீரிலிருந்து கண்ணாடி ஊசியை எடுத்தாள். அதை அவள் நிமிர்த்திப் பிடித்ததுதான் தாமதம், உன் பெண்டாட்டி எழுந்து ஓடினாள். கிண்டி ரேஸில் ஓடியிருந்தால் கவர்னர் கையால் கோப்பை வாங்கியிருப்பாள். நெல் வயல், வரப்பு, ஒரு வாய்க்கால், இரண்டு ஆடு எல்லாவற்றையும் தாண்டிப் போய்ச் சாலையில் ஒரு புளியமரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னாலேயே ஓடிய எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

அவள் கையில் இருக்கும் அரைத் தேளை நீ பார்த்திருப்பாய். சிறுமியாக இருந்தபோது பச்சை குத்த வந்த குறத்தியிடம் உட்கார வைத்தோம். கொடுக்கு வரைவதற்குள் மயங்கி விழுந்தாள். அன்றைக்கே அந்தத் தேள் பாதியில் நின்றது. அதற்குப் பிறகு கிழிந்த ரவிக்கையைத் தைக்கக்கூட அவள் ஊசியை எடுத்ததில்லை. உன் அத்தைதான் தைப்பாள்.

மறுவாரம் மறுபடியும் போனோம். இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று அவளுக்குக் காட்ட, முதலில் என் கையில் குத்துங்கள் என்று நர்ஸிடம் நீட்டினேன். புலியை முறத்தால் அல்ல, முறைத்தே விரட்டிய பரம்பரை நம்முடையது என்று அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது ஞாபகம் இருக்கிறது. அப்புறம் ஞாபகம் இருப்பது, நர்ஸ் என் முகத்தில் தண்ணீர் அடித்தது. கன்னியம்மா, "நைனா, எழுந்து வா, ஊட்டுக்குப் போலாம்" என்றாள். போனோம்.

இந்த இடத்தில்தான் உன் அத்தைக்கு ஒரு யோசனை வந்தது. ஆடி மாதம், பொன்னியம்மன் கோயிலில் திருவிழா. ஆண்பிள்ளைகள் கன்னத்தில் அலகு குத்திக்கொண்டு ரத்தம் இல்லாமல் நடந்து வருகிறார்கள். அம்மன் பேரில் காப்புக் கட்டிவிட்டால் ஆஸ்பத்திரி ஊசியும் ஓர் அலகுதானே என்றாள். கர்ப்பிணிக்குக் காப்புக் கட்டும் வழக்கம் இல்லை என்று பூசாரி தலையாட்டினார். உன் அத்தை அழுத அழுகையில் கோயில் குளம் ஒரு படி ஏறியது. கடைசியில் மஞ்சள் கயிற்றை எடுத்துக் கட்டிவிட்டார். கன்னியம்மாவும், "இது கீதுன்னா நான் கைய நீட்டறேன்" என்று ஒத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் வண்டியைக் கட்டி, வைக்கோல் பரப்பி, மாட்டைப் பூட்டின பிறகுதான் எனக்கு உறைத்தது. காப்புக் கட்டினவர் காப்பு அவிழ்க்கும் வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. ஆஸ்பத்திரியோ எல்லைக்கு அந்தப்புறம் காத தூரத்தில் இருக்கிறது. இத்தனை வருஷமாக இந்த ஊரில் காப்புக் கட்டுகிறோம், மூன்று பேருக்கும், பூசாரியையும் சேர்த்தால் நான்கு பேருக்கும், இது தோன்றவில்லை. காப்பை அவிழ்த்தால் பெரிய குற்றம். திருவிழா முடியக் காத்திருந்தால், முதல் பிள்ளைக்கு அசைவு நின்ற மாதம் நெருங்கிவிடும். டாக்டரம்மா இனித் தள்ளிப்போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

நான் பூசாரியிடம் போய் வழக்காடினேன். சென்னை ஹைகோர்ட்டு அப்படி ஒரு வாதத்தைக் கேட்டதில்லை. அம்மனுக்கு எல்லை எது, சர்வே கல்லா, வெள்ளைக்காரன் நட்டதா என்றேன். அவர் வெகுநேரம் தாடியை நீவிவிட்டு, "பம்பை சத்தம் காதுல உய்ற வரைக்கும் அம்மன் எல்லைதான், நாகப்பா. எங்க அப்பன் அப்டித்தான் சொல்லுவாரு" என்றார். எனக்கு அது போதும். பம்பை அடிக்கும் வேம்புலியிடம் ஓடினேன்.

"அண்ணாத்தே, கோயிலச் சுத்தி அடிக்கச் சொல்லு, அடிக்கறேன். பூந்தமல்லி தாண்டி அடிக்கணும்னா கை கயண்டு பூடும்" என்றான்.

"எல்லைய நீதாண்டா இஸ்துகினு வரணும். நீ நிறுத்தினா எம் பொண்ணு எல்லைக்கு வெளிய நின்னுடுவா" என்றேன்.

பம்பையை எடுத்து மாட்டினான். "சரி வா. ஆனா எவனாவது புடிச்சா, நீதான் இட்டாந்தேன்னு சொல்லிடுவேன்" என்றபடி ஏறி உட்கார்ந்தான்.

அப்படியாக அம்மனின் எல்லை மாட்டு வண்டியில் புறப்பட்டது. முன்னால் வேம்புலி, நடுவில் மஞ்சள் புடவையில் உன் பெண்டாட்டி, பின்னால் வேப்பிலையோடு உன் அத்தை. அயப்பாக்கத்தில் ஜனங்கள் ஓடிவந்து கற்பூரம் ஏற்றினார்கள். திருவேற்காட்டில் ஒரு கிழவர் வண்டிக்கு முன்னால் விழுந்து கும்பிட்டார். பூந்தமல்லிக் கடைத்தெருவில் போலீஸ்காரன் நிறுத்தி, சாமி எந்த ஊர் என்று கேட்டான். ஆஸ்பத்திரிக்குப் போகிற சாமி என்றேன். வழி விட்டான். வேம்புலி நிறுத்தவே இல்லை. வலது கை ஓய்ந்தால் இடது கை. அந்த மனுஷனுக்கு நாம் பட்ட கடன் பணத்தில் தீராது.

ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸ் ஓடிவந்தாள். "உள்ள புள்ள பெத்தவங்க தூங்கறாங்க, இன்னா கூத்து இது" என்று கத்தினாள். டாக்டரம்மா வெளியே வந்து, காப்பைப் பார்த்தாள், பம்பையைப் பார்த்தாள், கன்னியம்மாவைப் பார்த்தாள். "ஜன்னலுக்கு வெளியே நின்று மெதுவாக அடிக்கட்டும். எனக்கு இரண்டு நிமிஷம் போதும்" என்றாள்.

வேம்புலி விரலால் மட்டும் தட்டினான். கன்னியம்மா காப்புக் கட்டிய கையை நீட்டினாள். அருள் வரும், ஆடுவாள், தாங்கிப் பிடிக்க வேண்டும் என்று நானும் உன் அத்தையும் இரண்டு பக்கமும் நின்றோம். ஒன்றும் வரவில்லை. கண்ணை மூடவும் இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊசி இறங்கியபோது அவள் கால் கட்டைவிரல் மட்டும் தரையில் அழுந்தியது. பிறகு அது முடிந்துவிட்டது. திரும்பி வரும்போது, "அவ்ளோதானா நைனா" என்று கேட்டாள். அந்தச் சந்தோஷத்தில் வேம்புலிக்கு நான் ஒரு ஜில்லாவையே தானம் கொடுப்பதாகச் சொன்னேன். எந்த ஜில்லா என்று அவன் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

இதுவரைக்கும்தான், வரதா, எனக்குக் கதையாகச் சொல்லத் தெரிந்தது.

திருவிழா முடிந்து காப்பு அவிழ்த்த பிறகு, ரத்தச் சோதனை முடிவு வந்திருக்கிறது என்று ஆள் விட்டார்கள். மூவரும் போனோம். நான் கதவருகில் நின்றேன். டாக்டரம்மா மெதுவாகத்தான் சொன்னாள். ரத்தத்தில் ஒரு நோய் இருக்கிறது. போன இரண்டு பிள்ளைகளையும் அதுதான் கொண்டுபோயிருக்க வேண்டும். நோயின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. பட்டாளத்துக் கடிதங்களைப் படிக்கிற துரைக்கு அது புதிதாக இருக்காது. உனக்கும் இருக்காது என்று நினைக்கிறேன். உன் அத்தை, இது எப்படி வந்தது, தண்ணீரா, காற்றா என்று கேட்டாள். டாக்டரம்மா, "இது இவளிடம் முளைத்தது அல்ல, அம்மா. புருஷனிடமிருந்து வந்திருக்கிறது. அவருக்கும் வைத்தியம் நடக்க வேண்டும். இல்லையென்றால் இவளுக்குச் செய்வதெல்லாம் மறுபடியும் வீணாகும்" என்றாள்.

கன்னியம்மா அப்போது அவிழ்ந்த கொண்டையை முடிந்துகொண்டிருந்தாள். முடிந்து முடித்தாள்.

வீட்டுக்கு வந்து நான் மாட்டுக்குத் தவிடு கரைத்தேன். தவிடு கரைத்த தொட்டியிலேயே மறுபடியும் தவிட்டைக் கொட்டினேன். மாடு என்னை நிமிர்ந்து பார்த்தது. வெட்டுவேன், குத்துவேன் என்று ஊரையே கலக்குகிற வாய் இது, உனக்குத் தெரியும். கோபம் வந்தால் நன்றாக இருக்கும் என்று இன்றைக்கும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உன் பெரியப்பா மறுபடியும் வந்து ராசி இல்லாத வயிற்றைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார். அவருக்கு மோர் கொடுத்து அனுப்பினேன்.

இப்போது வாரா வாரம் வியாழக்கிழமை ஊசி. பிரசவம் ஆகும் வரைக்கும். ஒருமுறை கை நரம்பில், ஒருமுறை இடுப்பில். பம்பை வேண்டாம், காப்பு வேண்டாம், உன் அத்தைகூட வேண்டாம் என்கிறாள். பக்கத்து வீட்டுக்காரி கேட்ட சொம்பை எடுத்துக் கொடுக்கிற மாதிரி கையை எடுத்துக் கொடுக்கிறாள். நர்ஸ், "உங்க பொண்ணு இப்ப எவ்ளோ தைரியமா கீது பாருங்க" என்கிறாள். நான் தலையாட்டுகிறேன். இது தைரியம் இல்லை. வயல்களையெல்லாம் தாண்டி ஓடினாளே, அன்றைக்கு அவளுக்கு உயிர் இருந்தது. போன வியாழன் அவள் மறுபடியும் எழுந்து ஓடமாட்டாளா என்று நான் வாசலை மறைக்காமல் தள்ளி நின்றேன். அவள் ஓடவில்லை.

பிள்ளை அசைகிறது. டாக்டரம்மா குழலை வைத்துக் கேட்டுவிட்டு, இதயம் நன்றாக அடிக்கிறது, ஊசி ஒன்றுகூடத் தவறக் கூடாது, தவறாவிட்டால் நம்பலாம் என்றாள். அதை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

உனக்கு என்ன எழுதட்டும் என்று அவளிடம் கேட்டேன். அரிசி புடைத்துக்கொண்டே, "இன்னா எழுதறது நைனா. நல்லா கீறேன்னு எழுது" என்றாள். எழுதிவிட்டேன்.

ஐப்பசியில் லீவு கிடைக்கும் என்று எழுதியிருக்கிறாய். உன்னை வராதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. என் அக்கா கண்ணை மூடியபோது உன் தலை என் மடியில் இருந்தது. அக்கா மகன் என்பதால் உன்னைத் திட்ட முடியவில்லை. மகளின் புருஷன் என்பதால் சும்மா விடவும் முடியவில்லை. இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து எழுதுகிறேன். அந்நிய மாப்பிள்ளையாக இருந்திருந்தால் ஊரைக் கூட்டியிருப்பேன், பாரம் இறங்கியிருக்கும்.

ஆகையால், அப்பா, இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே உங்கள் முகாம் டாக்டரிடம் போ. பட்டாளத்தில் இதற்கென்றே வரிசை நிற்கிறதாம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்களாம், டாக்டரம்மா சொன்னாள். வெட்கமாக இருந்தால் வெட்கத்தோடு போ. சட்டையை மடித்துக் கையை நீட்டு. அவர்கள் சொல்லும் வாரமெல்லாம் நீட்டு. லீவு தள்ளிப்போனால் போகட்டும். பிள்ளை பிறந்து, அதற்குத் தலை நின்ற பிறகு வந்தாலும் வீடு இங்கேதான் இருக்கும். நீயும், அவளும், இன்னும் முகம் காட்டாத அதுவும், மூன்று பேரும் நோயில்லாமல் இருக்க வேண்டும் என்று அம்மனைக் கேட்கிறேன். அவளுக்கு நீ ஒன்றும் எழுத வேண்டாம், இப்போது. எனக்கு ஒரு வரி எழுது. ஊசி போட்டுக்கொண்டேன் என்று.

மாமன்,
நாகப்பன்.