உன் செடிப் பூ கோயிலுக்குப் போனது

அம்மான் தோளிலேயே வளர்ந்த என் தங்கம் சிகப்பிக்கு,

பங்குனி வெயில் கொளுத்துகிறது. பதினாறு வயதில் தாலியறுத்து வந்து நீ கொல்லையில் வைத்த மல்லிகை, வெள்ளை வெளேரென்று நிற்கிறது. தினமும் ஒரு மூட்டை பூ. உன் ஆத்தாள் கூடை என்பாள். அவளுக்குக் கண் மங்கல்.

ஐப்பசிக் காய்ச்சலில் நீ போய்ச் சேர்ந்த பிறகு அவள் அந்தப் பக்கமே போகவில்லை. ரங்கூனிலிருந்து வந்த நான்தான் மார்கழியில் அரிவாளை எடுத்துச் செடியைக் குச்சி குச்சியாக வெட்டினேன். பக்கத்து வீட்டுப் பங்காளி பெண்டாட்டி வள்ளியம்மை மதிலுக்கு அங்குட்டு நின்று சிரித்தாள். "செடிக்கும் மொட்டையடிச்சாச்சா?"

மல்லிகையை அப்போது வெட்டி, தண்ணீரும் காட்டாமல் பட்டினி போட்டால்தான் கோடையில் பூக்கும். ரங்கூனில் ஒரு துரைக்கே இதைச் சொல்லிக்கொடுத்தவன் நான். தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டான். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன்தான். அதற்கு மேல் வாத்தியாரிடம் சரக்கில்லை. வள்ளியம்மையோ தன் செடியை வெட்டாமல் மார்கழி முழுக்க நீர் இறைத்து ஊற்றினாள். இப்போது அது இலைக்காடு. ஒரு மொட்டுக் கிடையாது.

இந்த வருஷம் அம்மனுக்கு வெள்ளிக்கிழமைப் பூமாலை சாத்துவது அவள் வீட்டு முறை. தவறினால் பங்காளிகள் சும்மா விடுவார்களா? போன வெள்ளிக்கிழமை, மதுரையிலிருந்து அவள் வரவழைத்த பூ வண்டியிலேயே வாடிப்போயிற்று. மத்தியானம் நம் கொல்லைக் கதவைத் தட்டினாள்.

"அண்ணே, கொஞ்சம் பூக் குடுங்க."

"எந்தச் செடிப் பூ ஆச்சி?"

"பூத்திருக்கிறதே ஒரு செடிதானே."

"அது யாரு வச்சது?"

நீ ஆசையாய்க் கட்டி அனுப்பிய முதல் சரத்தை, "அறுத்தவ வச்ச பூ அம்மனுக்கு ஆகாது" என்று கோயில் வாசலிலேயே திருப்பியவள் இவள்தானே. அதற்கப்புறம் நீ ஒரு பூவும் பறிக்கவில்லையாம். உதிர்ந்ததைக் கூட்டி அள்ளினாயாம். எனக்கு ஏன் ஒரு கடுதாசி போடவில்லை, ஆத்தா?

"சிகப்பி வச்சது," என்றாள், தரையைப் பார்த்து.

"எனக்குக் காது மந்தம். கோயில்ல குருக்களுக்குக் கேக்கிற மாதிரிச் சொல்றீகளா?"

"என்னைய ஏன்ணே இப்படிப் படுத்துறீக?"

"படுத்தத்தானே கடல் தாண்டி வந்திருக்கேன்."

உன் செடியடியில் உட்காரவைத்து அவளையே கட்டச் சொன்னேன். நுனி விரலெல்லாம் பச்சையாயிற்று. சாயங்காலம் கூடவே கோயிலுக்குப் போனேன். குருக்கள், "மாலை யார் உபயம்?" என்றார். என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, "சிகப்பி வச்ச செடிப் பூ," என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள். கேட்க ஆயிரம் பேர் இருந்தார்கள். மாலை அம்மன் கழுத்தில் ஏறியது. ஒரு தீங்கும் வரவில்லை.

கடைசி மொட்டு இருக்கும் மட்டும் வெள்ளிக்கிழமைதோறும் அவள் வருவாள், கட்டுவாள், உன் பேரைச் சொல்வாள். அதுவரை நான் ஊரைவிட்டு நகர மாட்டேன். இது சத்தியம். "போதும் அம்மான், பாவம்" என்றுதான் நீ சொல்வாய். அதனால்தான் உன்னைக் கேட்காமல் செய்கிறேன்.

உன் தாயோடு பிறந்த அம்மான்,
முத்தையா