வெடியுப்புக்கு இனி யார் பாடுவது

மாப்ள,

வெளியே சொன்னால் வெட்கம், உன்னிடம் சொல்லலாம். போன திங்கட்கிழமை சூலக்கரை கலெக்டர் ஆபீஸில் ஒரு ஜெராக்ஸ் மிஷினுக்குத் தலையாட்டிக்கொண்டு நின்றேன். எங்கள் தெரு வாறுகாலில் சாக்கடை அடைத்துக்கொண்டு நாறுகிறது என்று மனு கொடுக்கப் போயிருந்தேன். ஜன்னலோரம் கிடந்த பழைய மிஷின் பேப்பரை இழுத்து இழுத்துத் துப்பியது. கடக், கடக், சர்ர்ர். நம் முதல் பாட்டின் தாளம் அப்படியே. தலை ஆடியது, கை பக்கத்தில் இருந்த இரும்பு பீரோவை அடிக்க ஆரம்பித்துவிட்டது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மா எழுந்து நின்று, "யாராச்சும் அண்ணாச்சி கையில ஒரு சாவியக் குடுங்கப்பா, வலிப்பு வருது" என்றார். "வலிப்பு இல்லம்மா, பாட்டு" என்றேன். என் மனுவை முதலில் வாங்கிக்கொண்டு சீக்கிரமாக அனுப்பிவிட்டார்கள். உன்னால் எனக்கு நடந்த ஒரே காரியம் அதுதான்.

பஸ்ஸில் வரும்போது உன்னிடம் கேட்க ஒரு கேள்வி இருந்தது. நம் வெடியுப்பு பேண்டை நடத்துவதா, நிறுத்துவதா?

பேண்டை ஆரம்பித்தவன் நீ. வெளியூர்க்காரர்கள் பட்டாசுக் கம்பெனி என்றால் எந்நேரமும் டமார் டுமீர் என்று இருக்கும் என நினைக்கிறார்கள். எம். புதுப்பட்டியில் நீ வேலை பார்த்த பட்டாசு ஷெட்டில் மூச்சுச் சத்தம்தான் கேட்கும். செருப்பைக் கழற்றிவிட்டு, வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பில் இருக்கிற கரண்டை இறக்கிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். போனால் எதையும் இழுக்கக்கூடாது, போடக்கூடாது, உரசக்கூடாது.

"பகல் பூராம் பூனை மாதிரி நடக்கேன்லே. ஒரு நாளாச்சும் இரும்ப இரும்பால அடிச்சு, தொண்ட கிழியக் கத்தணும்" என்றாய்.

இரும்பு நம் கூட்டாளி ஜாபரின் காயலான் கடையில் இருந்தது, கிடாரும் அவனிடம் இருந்தது. அடிக்க என் கை இருந்தது. நான் அச்சாபீஸில் ஓட்டுகிற ஆப்செட் மிஷின் சத்தத்தை போனில் பிடித்து வந்து பின்னால் ஓடவிட்டோம். "இதுக்குப் பேரு இண்டஸ்ட்ரியல் ராக்காம்லே" என்று ஜாபர்தான் எங்கேயோ பார்த்துவிட்டு வந்து சொன்னான். பெயர் தெரியாத நோய்க்கு டாக்டர் பெயர் சொன்ன மாதிரி நமக்கு ஒரு நிம்மதி.

எந்த ஆடியோ கம்பெனியும் நம்மைச் சீண்டவில்லை. நாமே பதிந்தோம், நாமே நெட்டில் போட்டோம், நாமே கேட்டோம். தீபாவளி வரைக்கும் உனக்கு சீசன், அதற்குப் பிறகு எனக்குக் காலண்டர் சீசன். ஊரெல்லாம் கச்சேரி நடக்கிற மாதங்களில் நமக்கு லீவு கிடையாது. மிச்ச மாதங்களில் வெயில்தான் நம் ரசிகர். உங்கள் ஊர் அம்மன் கோவில் பொங்கலுக்கு மேடை ஏறினோமே, நினைவிருக்கிறதா? முதல் பாட்டிலேயே மைக்செட்டுக்காரர் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். "தம்பி, எங்கனயோ ஷார்ட்டு ஆகுது, கரகரங்குது, நிப்பாட்டுங்க!" நீ மைக்கிலேயே சொன்னாய்: "ஷார்ட்டு இல்ல அண்ணாச்சி, அதுதான் பாட்டு. இன்னும் நாலு இருக்கு."

பெங்களூரில்தான் நாம் பெரிய ஆளானோம். எந்த மேடையானாலும் ஏறுவதற்கு முன்னால் எதையாவது தொட்டுக் கரண்டை இறக்காமல் உனக்குக் கால் நகராது. அங்கே செம்புத் தகட்டுக்கு எங்கே போவது? லைட் மாட்டியிருந்த இரும்புக் கம்பத்தைத் தொட்டாய். அதற்கு எர்த் சரியில்லை. உன் கரண்டு இறங்குவதற்குப் பதில் அதன் கரண்டு உன்மேல் ஏறியது. பல் கிடுகிடுக்க முழுப் பாட்டையும் பாடி முடித்தாய். மறுநாள் ஒருத்தர் நெட்டில் எழுதினார், அந்த நடுங்கும் குரலில் தொழிலாளியின் வலி இருக்கிறதாம். அதற்கப்புறம் போன இடமெல்லாம் அந்த நடுக்கத்தைக் கேட்டார்கள். "வலி இல்லலே, கரண்டு. இவுகளுக்காக இனி தெனமும் கம்பியப் புடிக்கவா?" என்று வண்டியில் படுத்துக்கொண்டு திட்டினாய்.

பிறகு வயசானது. பாதிக்கூட்டம், கால்கூட்டம், சவுண்டு பாக்ஸ் தூக்குகிற பையன்கள் மட்டும். என் தோள்பட்டை சட்டை மாட்டவே மறுக்கிறது. காதில் எந்நேரமும் ஒரு ங்ங்ங். டாக்டர் இதற்கு மருந்து இல்லை என்றார். இருந்தாலும் வாங்கியிருக்க மாட்டேன். உன் மைக் கடைசியாகக் கத்திய சத்தம் அது.

நீ போனதைச் சொன்னால், சிவகாசி என்றதும் எல்லோரும் "விபத்தா?" என்கிறார்கள். "இல்லைங்க, நெஞ்சுவலி. டீக்கடையில" என்கிறேன். கொஞ்சம் ஏமாந்துதான் போகிறார்கள்.

நேற்று மதுரையில் ஒரு காலேஜில் மத்தியானக் கச்சேரி. நீ இருக்கும்போதே ஒத்துக்கொண்டது. "நீ பாடு" என்றான் ஜாபர். உன் குரல் எங்கே, பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கூவுகிற என் குரல் எங்கே! நீ கத்துகிற இடம் வந்தது. நான் அவனைப் பார்த்தேன், அவன் என்னைப் பார்த்தான். மிஷின் சத்தம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு நானே கத்தினேன். நன்றாக இல்லை.

இறங்கியதும் கேட்டேன். "நிறுத்திருவமால?"

"மட்டமா இருந்துச்சு" என்றான் ஜாபர். "அடுத்த மாசம் கோயம்புத்தூருல கேக்காக. வாரேன்னு சொல்லிட்டேன்."

எனக்குத் திட்டக்கூடத் தெம்பில்லை. சாமான்களை ஏற்றிவிட்டு டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஜாபர் எப்போதும் போலப் பின்னால் சாமான்களோடு வருவான். வழி நெடுக வண்டியில் ஒரு ஆள் குறைகிற மாதிரியே இருந்தது. நீதான் என்று நினைத்துக்கொண்டேன். திருமங்கலம் தாண்டி டீக்கு நிறுத்தியபோதுதான் ஜாபர் ஏறவே இல்லை என்று தெரிந்தது.